நோன்பு பிடிக்காத ஊர்

பல் துலக்கியபடியே சமையலறைக்கு வந்து நின்றாள் யாழினி. வாயெல்லாம் நுரை.

"அம்மா, பக்கத்து வீட்ல யாரோ குளிக்கிறாங்க. இங்க யாருமே இல்லைன்னு சொன்னியே. ஸோ, ஹூ இஸ் தட்?"

அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்து வாளி நிரப்புகிற சத்தமில்லை. ஷவரில் ஓர் ஆள் நிற்கிற சத்தம். கொஞ்ச நேரம் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. நடுவில் சோப்புப் போடுவதற்கான இடைவெளிகூட இருந்தது.

பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. அந்தத் தெரு, பின் தெரு, மலையடிவாரம் வரை போகிற அத்தனை தெருக்களிலும் எங்கள் மூன்று பேரைத் தவிர ஒரு குடித்தனம் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகில் சில்லென்றது.

"மெஷின் கண்ணு. தானா திறந்து தானா மூடிக்கும். பயப்படாதே."

"நான் பயப்படலை. நீதான் கரண்டியை இவ்ளோ டைட்டா பிடிச்சிருக்கே."

வாசலில் நடந்துவிட்டு உள்ளே வந்த என் கணவர் தியாகு தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார். "ஏம்மா, எதிர் வீட்டுக்காரர் இன்னும் எந்திரிக்கல போல இருக்கு. நேத்துப் படம் பார்த்துட்டு லேட்டாப் படுத்திருப்பார்."

யாழினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எதிர் வீட்டிலும் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது.

தண்ணி ஆபீஸ்

போன வாரம் இந்தத் தொடரில் அபுதாபியை ஒட்டிய முசஃபா பட்டறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சேலத்து வாசகர் ஒருவர், "எல்லாம் சரி அம்மா, நீங்கள் அங்கே என்னதான் வேலை பார்த்தீர்கள்? இத்தனை வாரமாகியும் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். என்னைப் பெற்றவளுக்கே அது கடைசி வரை விளங்கவில்லை. கோயமுத்தூரில் அக்கம்பக்கம் கேட்டால் "தண்ணி ஆபீஸ்ல இருக்கா" என்று முடித்துக்கொள்வாள்.

நான் இருந்தது ஓர் அமெரிக்கத் தனியார் கம்பெனி. பிற நாட்டு அரசாங்கங்களுக்கு ஆலோசனை சொல்வது அதன் தொழில். எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இல்லாவிட்டால் எங்கிருந்து கொண்டுவரலாம், வந்தபின் அங்கே எத்தனை குடும்பங்களைக் குடிவைக்கலாம், அவர்களுக்கு என்ன தொழில் கொடுக்கலாம் என்று தடித்தடியாக அறிக்கை எழுதிக் கொடுப்போம். நாங்கள் ஒரு செங்கல்லும் வைக்க மாட்டோம், ஒரு குழியும் தோண்ட மாட்டோம். சொல்வதோடு சரி.

எந்தக் காலத்திலோ அமெரிக்க ஆறுகளில் அணை கட்டிய எஞ்சினியர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி என்பார்கள். பிறகு பல கை மாறிவிட்டது. ஆனால் வரவேற்பறையில் மட்டும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ஏதோ ஒரு வறண்ட பள்ளத்தாக்கைக் கைநீட்டிக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம் மாறாமல் தொங்கியது. எந்த நாடு என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

என் வேலை தேவைக் கணக்கு. இன்ன ஊரில் இத்தனை பேர் இருந்தால், எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட வேண்டும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த திமிரில் அந்த வேலையைக் கொஞ்சம் நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன். கோயமுத்தூர்க்காரர்கள் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் சிறுவாணியில்தான் வந்து நிற்பார்கள். அதற்கு நானும் விலக்கில்லை.

உலகம் சுற்றிய குடும்பம்

தேவைக் கணக்குக்கு அடிப்படையாக எங்களிடம் ஒரு "மாதிரிக் குடும்பம்" இருந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள். அவர்கள் எப்போது எழுவார்கள், எப்போது குளிப்பார்கள், எப்போது பாத்திரம் கழுவுவார்கள் என்று மணிவாரியாக ஓர் அட்டவணை. ஒரு புதிய நாட்டுக்கு வேலை வந்தால் தலைகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்போம். மற்றபடி அதே குடும்பம்தான்.

அபுதாபி ஆபீசுக்குத் தலைவரான ராண்டல் இதைப் பெருமையாகச் சொல்வார். "இந்தக் குடும்பம் என்னைவிட அதிக நாடுகளைப் பார்த்திருக்கிறது, வசந்தி. ஒரு தடவைகூட இவர்கள் புகார் சொன்னதில்லை."

நல்ல மனிதர். காபி அவரே கலந்து கொடுப்பார். ஆனால் ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அங்கே போக வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் சொல்லும் அந்த ஊரும் அப்படி எங்கள் அறிக்கையிலிருந்து எழுந்ததுதான். வடக்கே ஹஜர் மலையடிவாரத்தில், கடலோர ஆலையில் உப்பு நீக்கிய தண்ணீரைக் குழாய் வழியாக ஏற்றி, வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு வீடுகள் ஒதுக்கப்பட்டன. அபுதாபியில் என் மேசைத் திரையில் ஒவ்வொரு வீட்டின் மீட்டரும் தெரியும். முதல் சில மாதங்களிலேயே தண்ணீர்ச் செலவு எங்கள் கணிப்போடு அச்சாகப் பொருந்தியது. ராண்டல் கேக் வெட்டினார். கணிப்பு இப்படிப் பொருந்துவதை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேக் நன்றாக இருந்தது, சாப்பிட்டுவிட்டேன்.

ரமலான்

அப்புறம் நோன்பு மாதம் வந்தது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதத்தில் நாள் தலைகீழாகிவிடும். விடியுமுன் சமையலறைகள் விழித்துக்கொள்ளும். பகலில் ஊரே அடங்கிக் கிடக்கும். சூரியன் இறங்குமுன் மறுபடி அத்தனை அடுப்பும் எரியும். எங்கள் பில்டிங்கில் மேல் மாடிப் பாகிஸ்தானிக் குடும்பத்தின் குழாய் இரைச்சலை வைத்தே, நோன்புக்கு முன் சாப்பிடும் ஸஹர் நேரத்தைச் சொல்லிவிடலாம்.

என் திரையில் இருந்த அந்த ஊர் மட்டும் மாறவில்லை. காலையில் நிதானமாக எழுந்தது. குளித்தது. நடுப்பகலில் சமைத்துப் பாத்திரம் கழுவியது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்திலும் அதன் பாட்டுக்குத் தண்ணீர் ஓடியது. சனிக்கிழமை தவறாமல் துணி துவைத்தது. நூற்றுக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களில் ஒருவர்கூட நோன்பு பிடிக்கவில்லை.

திரையை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். யாரோ அங்கே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இந்த நாட்டு மனிதர்கள் இல்லை என்று தோன்றியது.

ராண்டலிடம் போய்ச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒருவேளை கொஞ்சம் முற்போக்கான ஆட்களோ?" என்றார்.

நான் பார்த்த பார்வையில் ஆபீஸ் கார் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மைனாக்கள் காத்திருந்த வாசல்

நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல பகல். எந்த வீட்டு மணியை அழுத்தினாலும் உள்ளே மணி அடித்தது, யாரும் வரவில்லை. கதவுப் பிடிகளில் பாலிதீன் உறை கிழிபடாமல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டின் பின்புறச் சாக்கடை வாயிலும் ஒரு கைப்பிடிப் பச்சைப் புல் வளர்ந்திருந்தது.

ஒரு வீட்டின் பின்னால் மைனாக்கள் கூட்டமாக உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னைக் கண்டு பறக்கவில்லை. ஏன் என்று யோசிப்பதற்குள் சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மைனாக்கள் இறங்கிக் குளித்தன. பிறகு எழுந்து இரண்டு வீடு தள்ளிப் போய் அதேபோல உட்கார்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் அங்கேயும் தண்ணீர் வந்தது.

"அதுங்களுக்கு டைம் எல்லாம் மனப்பாடம் மேடம்" என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல். தூக்கிவாரிப்போட்டது.

அவர்தான் சேவியர். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஊரின் குழாய்ப் பராமரிப்பு அவர் டியூட்டி. அவரோடு வேலை பார்க்கிற ஆட்கள் எல்லாரும் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிலாளர் கேம்பில் இருந்தார்கள். விஷயத்தை அவர்தான் சொன்னார். ஒதுக்கீடு கிடைத்த குடும்பங்கள் சாவியை வாங்கிக்கொண்டு பழைய வீடுகளிலேயே இருந்துவிட்டார்கள். பேரீச்சைத் தோட்டத்தையும் ஒட்டகங்களையும் விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஆனால் அரசாங்கப் பதிவில், சாவி கொடுத்துவிட்டால் குடியேறியாகிவிட்டது.

"ஆளில்லாத வீட்டுக்கு வெள்ளம் எதுக்குன்னு நானும் கேட்டேன் மேடம். பைப்புல கெடந்தா சூட்டுல கெட்டுப்போவும், தெனமும் ஓடவிடணும்னு சொன்னாவ." அந்தப் பக்கத்தில் குடிதண்ணீரையும் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். "சரி, ஒருநேரம் தொறந்து விட்டாப் போராதா? இது காலையில குளிக்கு, மத்தியானம் பாத்திரம் கழுவுது, சனியாழ்ச்ச துணி துவைக்கு. எங்களுக்குக் கேம்புல டாங்கர் வந்தாத்தான் குளி."

ஒவ்வொரு வீட்டிலும் குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவருக்குள், குழாயின் கடைசியில் ஒரு மின்வால்வு. அது எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் தேடிப் பார்த்து, எங்கள் அறிக்கையில் இருந்த மாதிரிக் குடும்பத்தின் அட்டவணையை எடுத்து அப்படியே ஏற்றிவிட்டார்கள். எல்லா வீடும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் குறையும் என்று நாங்கள் எழுதியிருந்ததால், வீட்டுக்கு வீடு சிறு வித்தியாசமும் கொடுத்திருந்தார்கள். ஒரு வீடு சீக்கிரம் எழும், இன்னொன்று சோம்பேறி.

அதாவது எங்கள் கணிப்பை இயந்திரம் நடித்துக் காட்டியது. அதைப் பார்த்து எங்கள் கணிப்பு சரி என்று நாங்கள் கேக் வெட்டியிருக்கிறோம்.

கேம்ப் ஏன் அந்தக் குழாயில் சேரவில்லை என்று கேட்டேன். சேவியர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஒங்க பிளான்ல கேம்ப் இல்லியே மேடம்" என்றார். உண்மைதான். கேம்ப் தற்காலிகக் கொட்டகை. மக்கள்தொகைக் கணக்கில் அது வராது.

ஒரு நிஜக் குடும்பம்

ராண்டல் கோபப்படவில்லை. எனக்கும் ஒரு காபி கலந்து கொடுத்தார். பிறகு, "நமக்கு ஒரு நிஜமான குடும்பம் வேண்டும். சில வாரம் அங்கே வாழ்ந்து, உண்மையான அளவைக் கொடுக்க வேண்டும். அது போதும், கணக்கைச் சரிசெய்துவிடலாம்" என்றார். அடுத்த வாக்கியத்தை ரொம்ப மென்மையாகச் சொன்னார். "உன் கணவர் இப்போது வீட்டில்தானே இருக்கிறார்?"

ஆமாம், வீட்டில்தான் இருந்தார். தியாகு வேலை பார்த்த வங்கியில் ஒரு பிரிவையே மூடிவிட்டிருந்தார்கள். அவரும் யாழினியும் என் விசாவுக்கு மாறியிருந்தார்கள். என் விசா கம்பெனியில். கம்பெனியின் ஒப்பந்தம் இந்த ஊரின் இரண்டாம் கட்ட வேலையில். அது வந்தால் பத்தாம் வகுப்பு முடித்த யாழினி அபுதாபியிலேயே பதினொன்றில் சேர்வாள். வராவிட்டால் அவளும் அவரும் கோயமுத்தூர், நான் இங்கே. பதினாறு வயதுப் பெண்ணை நான் போனில் வளர்க்க வேண்டும். அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

பெருநாள் முடிந்ததும் குக்கர், மிக்சி, தலையணைகளோடு அந்த ஊருக்குக் குடித்தனம் போனோம். எங்கள் வீட்டு வால்வை மட்டும் சேவியர் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் சின்னச் சின்ன அளவுக் கருவிகளை மாட்டினார்.

அக்கம்பக்கம்

முதல் இரண்டு நாள் பயம். அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் இப்போது நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

யாழினி அக்கம்பக்கத்துக்குப் பேர் வைத்தாள். பக்கத்து வீடு ஷாம்பூ ஆன்ட்டி. எதிர் வீடு லேட் அங்கிள். நாங்கள் வீட்டுக்குள் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தோம். நான் ஒருநாள் குக்கர் விசில் அடித்ததும், "இந்நேரத்துக்கு இப்படிச் சத்தம் போடுறோமே" என்று வெளியே எட்டிப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் யாழினி ஷாம்பூ ஆன்ட்டி வீட்டு ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஃப்ளோர் முழுக்கத் தூசும்மா. ஒரு ஃபுட்பிரின்ட்கூட இல்ல. ஆனா உள்ள குளிக்கிற சத்தம் மட்டும் வருது."

அன்றிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னல் திரையை அவள் விலக்கவே இல்லை.

இன்னொரு காலையில் எங்கள் தெரு வால்வுகளுக்கு மின்சாரம் போய்விட்டது. சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் மூவரும் விழித்தோம். காபி கலந்தேன். யாழினி தட்டைத் தொடாமல், "இன்னிக்கு அவங்க எழுந்திரிக்கவே இல்லையே" என்றாள். தியாகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். எதைப் பார்க்கப் போனார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தினமும் விடிகாலையில், நான் எழுவதற்கு முன்பே சமையலறைக் குழாய் ஓடும். அதுவும் பக்கத்து வீடு என்றே அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எழுந்து போய்ப் பார்த்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் தொட்டிமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தார். தோள்கள் குலுங்கின.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா. முகம் கழுவலாம்னு." சிரிக்கப் பார்த்தார். "எல்லா வீட்லயும் தண்ணி ஓடுது. நம்ம வீடு மட்டும் சும்மா இருக்க வேண்டாம்னு பார்த்தேன்."

அவர் பக்கத்தில் போய் நின்றேன். குழாயை நான் மூடவில்லை. அழுகிற ஆணுக்கு ஒரு சத்தம் மறைவாக வேண்டியிருக்கிறது. அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

வீடு 'ஏ'

வேலை நன்றாக முடிந்தது. ராண்டல் காட்டிய விளக்கப் படங்களில் நாங்கள் 'வீடு ஏ' ஆகியிருந்தோம். எங்கள் காலை, எங்கள் மாலை, எல்லாம் நீலக் கோடுகள். விடிகாலையில் ஓர் உயரமான கோடு எழுந்தது. "இது என்ன?" என்று கேட்டார். "டீ" என்றேன். "நிறைய டீ குடிக்கிறீர்கள்" என்று சிரித்தார்.

அவருக்குப் பரம திருப்தி. அளவு அத்தனை சுத்தமாக இருந்ததால் வேறு குடும்பங்களை அனுப்பி அளக்கத் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. தேவையில்லாததால் ஆட்களைக் குறைத்தார்கள். என்னை நீக்கவில்லை. துபாய் ஆபீசுக்கு மாற்றி, குடும்பப் படிகளை எடுத்துவிட்டு, தனியாள் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். "வருஷக் கடைசி வரை அந்த ஊரின் பயன்பாடு சீராக இருக்கட்டும். இரண்டாம் கட்டம் கட்டாயம் வரும். உன் குடும்பத்தைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

பள்ளி திறக்குமுன் தியாகுவும் யாழினியும் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் யாழினி என்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "டிசம்பர்ல வந்துடுவோம்ல? பிராமிஸ் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

துபாய் சத்வாவில் தையல்கடைக்கு மேல் ஒரு ரூமில், கேரளத்து நர்ஸ் ஒருத்தியோடு கட்டில் போட்டுக்கொண்டேன். காலையில் அவள் டியூட்டிக்குப் போனதும் அந்த ரூமில் ஒரு சத்தமும் இருக்காது.

விடியற்காலை

வெயில் தணிந்த ஒரு மாதத்தில் நகராட்சிப் பெண் எஞ்சினியர் போன் செய்தார். கேம்புக்கு டாங்கர் ஒழுங்காக வருவதில்லை, ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள். ஊர்க் குழாயிலிருந்து கேம்புத் தொட்டிக்குத் தற்காலிக இணைப்புக் கொடுக்க அவர்கள் தயார். ஆனால் வீடுகளில் தண்ணீர் ஓடும்வரை அழுத்தம் போதாது. ஆளில்லாத வீடுகளுக்கு இத்தனை தேவையில்லை, தெருக்கோடியில் வாரத்துக்கு ஒருமுறை திறந்துவிட்டால் போதும் என்று ஆலோசகர் தரப்பில் யாராவது நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலோசகர் தரப்பில் அந்த ஊரை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ராண்டலின் திரையில் அந்த ஊர் செத்துப்போகும். இரண்டாம் கட்டமும் அதோடு போகும்.

முடிவு எடுக்காமல்தான் கிளம்பினேன். இருட்டோடு புறப்பட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தேன். காரை எங்கள் பழைய தெருவில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது பழைய சத்தம் இல்லை. ஒரே சீராக, நிறுத்தாமல், முழுசாகத் திறந்துவிட்ட குழாயின் சத்தம். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், அடுத்த தெருவில். எத்தனையோ வீடுகளில் ஒரே மாதிரி. எங்கேயோ கேட்ட சத்தம் என்று முதலில் தோன்றியது. பிறகு புரிந்தது. அது தியாகு. அத்தனை வீட்டுச் சமையலறையிலும் தியாகு அழுதுகொண்டிருந்தார்.

சேவியர் வந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார்.

"நீங்க இருந்த வீட்டு வால்வையும் திரும்ப மாட்டி, எல்லா வீட்லயும் பழைய டேபிளை மாத்தியாச்சு மேடம். புதுசு ஏத்தச் சொல்லி ஆபீஸ்ல இருந்து வந்துது. ஒங்க வீட்டுக் கணக்குன்னு சொன்னாவ. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லத் தோன்றியிருக்காது. மாதிரிக் குடும்பத்திடம் யாராவது அனுமதி கேட்பார்களா?

காரை விட்டு இறங்கி நடந்தேன். சமையலறைச் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் நான் எழுந்துவிட்டேன். அரிசி களைகிறேன், மூன்று தண்ணீர். அடுத்த வீட்டில் ஏற்கெனவே களைந்துவிட்டேன். தியாகு சவரம் செய்கிறார், குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி. பிறகு யாழினி. சில வீடுகளில் சீக்கிரம் எழுந்திருந்தாள், சில வீடுகளில் இன்னும் தூக்கம். அவள் குளியல் ஊரறிந்த நீளம். "தொட்டியே காலியாயிரும் அம்மிணி" என்று கதவைத் தட்டுவார் தியாகு. கதவு தட்டும் சத்தம் மட்டும் எந்த வீட்டிலும் வரவில்லை.

அங்கேயே நின்றுவிடலாம் போல இருந்தது. அதை மறைப்பானேன்? வாரம் ஒருமுறை லீவு போட்டு வந்து இந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்த உடனே எனக்கு என்னைக் கண்டே பயமாகிவிட்டது.

சாலைக்கு அந்தப் பக்கம் கேம்ப் வாசலில் ஆட்கள் காலி வாளிகளோடு நின்றிருந்தார்கள். டாங்கர் நேற்றும் வரவில்லையாம். சிலர் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக இருந்தார்கள். அவர்களுக்கும் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் கேட்கிறது. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"நிறுத்திடுங்க சேவியர்" என்றேன். "எல்லா வீட்டையும்."

பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவர்களுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. என் பிள்ளை ஆளில்லாத வீடுகளில் குளிப்பதை இன்னொரு காலை என்னால் கேட்க முடியாது. டிசம்பருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது நினைவிருந்தது.

சேவியர் தெருக்கோடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, மலைப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தெருவாக அணைத்துக்கொண்டு வந்தார். தூரத்து வீடுகள் முதலில் அடங்கின. பிறகு பின் தெரு. பிறகு எங்கள் தெரு, ஒவ்வொரு வீடாக. நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இது கடைசி மேடம். நீங்க இருந்த வீடு. இதையும் பூட்டட்டா?"

சுவரில் கை வைத்தேன். உள்ளே தண்ணீர் நின்றது, மறுபடி விழுந்தது. தலைக்கு ஷாம்பூ போடுகிற நேரம்.

"கொஞ்சம் இருங்க சேவியர்" என்றேன். "பாப்பா குளிச்சு முடிச்சிரட்டும்."